கண்ணுக்கு 6/6, நரம்புக்கு?

இந்த வாரம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கத்திலிருந்து. எல்லாமே கண்ணைப் பற்றி. அதனால் சினிமாவும் அரசியலும் அடுத்த வாரம்.

கேள்வி: கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் இரண்டு கண்ணுக்கும் 6/6 போட்டுவிட்டார்கள். வயது 44. இனி ரிட்டயர் ஆகும்வரை கண் டாக்டர் பக்கம் போக வேண்டாம்தானே?
*ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர், கும்மிடிப்பூண்டி சிப்காட்*

பதில்: போக வேண்டும், இந்த மாதமே. 6/6 என்பது நீங்கள் நேராகப் பார்க்கும் அந்த நடுப்புள்ளிக்குக் கிடைத்த மார்க். 6 மீட்டர் தள்ளி உட்கார்ந்து, அட்டையில் அந்த வரிசையைப் படித்துவிட்டீர்கள், அவ்வளவுதான். ஓரப்பார்வை எப்படி இருக்கிறது, விழிக்குப் பின்னால் நரம்பு எப்படி இருக்கிறது என்று அந்த அட்டைக்குத் தெரியாது. கண் அழுத்த நோய் இருக்கிறதே, டாக்டர்கள் வாயில் க்ளாக்கோமா, அது நரம்பைத் தின்னும்போது நடுப்பார்வையைப் பெரும்பாலும் கடைசிவரை விட்டுவைக்கும். நரம்பில் பாதி போன பிறகும் அட்டையில் 6/6 வாங்கியவர்கள் உண்டு. நீங்கள் ஓட்டுவது ஃபோர்க்லிஃப்ட். பக்கவாட்டில் ஆள் வருவது தெரிய வேண்டிய வேலை.

கேள்வி: கண் ஒரு கேமரா, கண் நரம்பு அதிலிருந்து மூளைக்குப் போகும் வயர். சரியா? வயர் அறுந்தால் நான் ஜாயின்ட் போடுவேன். டாக்டர்களுக்கு மட்டும் ஏன் முடியவில்லை?
*எலெக்ட்ரீஷியன், கவரப்பேட்டை*

பதில்: உங்கள் வயர் வந்ததை வந்தபடி கடத்தும். கண்ணில் நடப்பது வேறு. விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் ஏறக்குறைய 12 கோடி. மூளைக்குக் கிளம்பும் நரம்பிழைகள் 12 லட்சம்தான். நூற்றுக்கு ஒன்று! அப்படியானால் இத்தனையையும் அப்படியே அனுப்ப முடியாது. எது விளிம்பு, எது அசைகிறது, எது பின்னணியிலிருந்து வேறுபட்டு நிற்கிறது என்று விழித்திரையே சலித்து எடுத்து, முக்கியமானதை மட்டும் அனுப்புகிறது. நாம் பார்க்கும் முன்பே பார்வையின் முதல் கணக்கு அங்கே முடிந்துவிடுகிறது.

நரம்பின் நீளம் சுமார் 5 சென்டிமீட்டர். இரண்டு கண்ணின் நரம்புகளும் மூளைக்கு அடியில் ஓரிடத்தில் சந்திக்கின்றன. மூக்குப் பக்கத்து இழைகள் அங்கே எதிர்ப்பக்கம் தாண்டிவிடும். வெளிப்பக்கத்து இழைகள் தன் பக்கமே தொடரும். இதனால்தான் உலகின் வலப்பாதியை இரண்டு கண்ணும் பார்த்தாலும், அந்தச் செய்தி முழுவதும் இடப்பக்க மூளைக்குப் போய்ச் சேர்கிறது. பயணம் முடிவது பின்மண்டையில். முகத்தில் இருக்கும் கண்ணுக்குத் தலையின் மறுகோடியில்தான் காட்சி!

இனி ஜாயின்ட். கையில் நரம்பு அறுபட்டால் தைத்து விடலாம், மெதுவாக, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற வேகத்தில் வளரும். கண் நரம்புக்குப் பெயர்தான் நரம்பு. உண்மையில் அது மூளையின் ஒரு பகுதி. மூளையைச் சுற்றியுள்ள அதே உறைகள்தான் அதையும் சுற்றியிருக்கின்றன. மூளைத் திசுவைப் போலவே, போனால் மனிதர்களில் திரும்ப வளராது. அப்படியே வளர்த்தாலும் 12 லட்சம் இழைகளும் அதனதன் இடத்தைத் தேடிப் போய்ச் சேர வேண்டும். ஜாயின்ட் போடும் வழி இன்னும் யார் கையிலும் இல்லை. இருப்பதைக் காப்பாற்றுவதுதான் இன்றைக்கு முழு வைத்தியமும்.

கேள்வி: பார்வையில் ஓட்டை விழுந்தால் நமக்குத் தெரியாமலா போகும்?
*பிளஸ் டூ மாணவி, பொன்னேரி*

பதில்: உனக்கு ஏற்கெனவே இரண்டு ஓட்டை இருக்கிறது, தெரியவில்லையே! பயப்படாதே, எல்லோருக்கும் உண்டு. நரம்பிழைகள் ஒன்றுசேர்ந்து விழியை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல் ஒன்றுகூடக் கிடையாது. 1660-களில் மாரியோட் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் கண்டுபிடித்தது. உன் வீட்டிலேயே செய்து பார். இரண்டு கையையும் நீட்டி, கட்டைவிரல்களை அருகருகே நிறுத்து. இடக் கண்ணை மூடு. வலக் கண் இடது கட்டைவிரலையே பார்க்கட்டும், அசையக் கூடாது. வலது கட்டைவிரலை மெல்ல வலப்பக்கம் நகர்த்து. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் விரல் நுனி காணாமல் போகும்.

இப்போது முக்கியமானதைக் கவனி. விரல் மறைந்த இடத்தில் கறுப்பு ஓட்டை எதுவும் தெரியவில்லை, இல்லையா? பின்னால் இருக்கும் சுவரையே மூளை இழுத்து அங்கே நிரப்பிவிட்டது. நோய் நரம்பை அரிக்கும்போதும் மூளை இதையேதான் செய்கிறது. ஒரு கண்ணில் இல்லாததை மறு கண் வேறு ஈடுகட்டும். அதனால்தான் வலியும் இல்லாமல், இருட்டும் இல்லாமல் வருஷக்கணக்கில் பார்வை கழன்றுகொண்டே போகிறது. படியில் கால் இடறும்போது செருப்பைத் திட்டுகிறோம்.

கேள்வி: இந்த க்ளாக்கோமா எல்லாம் சென்னையில் ஏசி ரூமில் இருப்பவர்களுக்கு வருவது. வயலில் நிற்கும் எங்களுக்கு ஏது?
*விவசாயி, திருவாலங்காடு ஒன்றியம்*

பதில்: ஐயா, நீங்கள் சொன்னதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. மிச்சம் கவலைக்குரியது. இதற்குப் பதிலை உங்கள் மாவட்டத்திலேயே தேடி எடுத்திருக்கிறார்கள். சங்கர நேத்ராலயாவின் ஆய்வுப் பிரிவு 2000-களின் தொடக்கத்தில் 'சென்னை க்ளாக்கோமா ஆய்வு' என்று ஒன்றை நடத்தியது. டாக்டர் எல். விஜயா தலைமை. பெயரில் சென்னை இருந்தாலும் அதன் கிராமப் பகுதி முழுக்கத் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் அடுத்தடுத்து இருந்த 27 கிராமங்கள். 40 வயதைக் கடந்த 3,924 பேரின் கண்களைப் பார்த்தார்கள். அட்டையைப் படிக்க வைத்து அனுப்பவில்லை. அழுத்தம் அளந்து, பாவையை விரித்து, நரம்பின் முகப்பைப் பார்த்து, ஓரப்பார்வையையும் சோதித்தார்கள்.

திறந்த கோண வகை க்ளாக்கோமா 64 பேருக்கு இருந்தது. நூற்றுக்கு 1.62. பிறகு சென்னை நகரத்தில் இதே வயதினரைப் பார்த்தபோது நூற்றுக்கு 3.51. ஆக, நகரத்தில் இரட்டிப்பு என்பதில் நீங்கள் சொன்னது சரி.

ஆனால் கிராமத்தில் நோய் இருந்தவர்களில் நூற்றுக்கு 98-க்கு மேற்பட்டோருக்கு அது இருப்பதே அன்றுவரை தெரியாது. திரும்பப் படியுங்கள், ஐயா: நூற்றுக்கு 98. நகரத்தில் மட்டும் வாழ்ந்ததா? அங்கேயும் 90-க்கு மேல் தெரியாதவர்கள்தான், ஆஸ்பத்திரிகள் தெருவுக்குத் தெரு இருந்தும். நாடு முழுவதும் இந்த நோய் உள்ளவர்கள் ஒரு கோடிக்கு மேல் என்று 2010-ல் ஒரு மதிப்பீடு வந்தது. அந்த 27 கிராமங்களின் கணக்கை அதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள், எத்தனை பேர் தெரியாமலே நடந்துகொண்டிருக்கிறார்கள் என்று. என்னைக் கேட்டால் அந்த 98 ஒவ்வோர் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் எழுதி வைக்க வேண்டிய எண்.

கேள்வி: அம்மாவுக்கு க்ளாக்கோமா. எட்டு மாதம் சொட்டு மருந்து விட்டும் பார்வை கொஞ்சமும் கூடவில்லை. "காசுக்குக் கேடு" என்று நிறுத்திவிட்டார். சரிதானே?
*குடும்பத்தலைவி, ஊத்துக்கோட்டை*

பதில்: இன்றைக்கே மறுபடி தொடங்கச் சொல்லுங்கள், அம்மா. அந்தச் சொட்டு பார்வையைக் கூட்டுவதற்கு இல்லை, இருக்கும் பார்வை குறையாமல் பிடித்து நிறுத்துவதற்கு. எட்டு மாதமாகக் குறையவில்லை என்றால் மருந்து தன் வேலையைச் செய்திருக்கிறது. இதை மருந்து எழுதிய முதல் நாளே உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். பலர் நிறுத்துவது இந்த ஒரு விளக்கம் கிடைக்காததால்தான். அம்மாவுக்கு ஆஸ்துமா, வீசிங் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். டிமோலால் போன்ற சில சொட்டுகள் ஒத்துக்கொள்ளாது, மாற்றித் தருவார்கள். செலவு இடித்தால் அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்குப் போங்கள். இன்னொன்று, இது குடும்பத்தில் ஓடும் நோய். அம்மாவை அழைத்துப் போகும்போது உங்கள் கண்ணையும் கூடப் பிறந்தவர்கள் கண்ணையும் காட்டிவிடுங்கள்.

சொட்டில் அழுத்தம் அடங்காதவர்களுக்கு லேசரும் ஆபரேஷனும் உண்டு. அந்த ஆபரேஷனின் வரலாற்றில் நம் எழும்பூருக்கு இடம் இருக்கிறது. 1819-ல் தொடங்கிய எழும்பூர் கண் மருத்துவமனை, உலகின் மிகப் பழமையான கண் மருத்துவமனைகளில் ஒன்று. அங்கே கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், 1909-ல், வெள்ளை விழியின் ஓரத்தில் நுண்ணிய வட்டத் துளை போட்டு, உள்ளே தேங்கும் நீரை வடியவிடும் முறையை உலகுக்கு அறிவித்தார். பல நாட்டு மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் அதைச் செய்தார்கள். இன்றைய ஆபரேஷன்களும் அதே கருத்தைத்தான் செம்மைப்படுத்தியிருக்கின்றன.

கேள்வி: ஆலைப் புகையில் அடிக்கடி கண் சிவந்துபோகும். மெடிக்கலில் கேட்டால் ஒரு சொட்டு தருவார்கள். போட்ட அன்றே வெளுத்துவிடும். மூன்று வருஷமாக அதுதான் கைமருந்து. நல்ல மருந்துதானே?
*ரோலிங் மில் தொழிலாளி, கும்மிடிப்பூண்டி*

பதில்: அந்த பாட்டிலை எடுத்து எழுத்தைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் இவற்றில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. அவ்வளவு சீக்கிரம் வெளுக்கிறதே, பெரும்பாலும் அதாகத்தான் இருக்கும். டாக்டர் கணக்குப் பார்த்துச் சில நாள் கொடுத்தால் அருமையான மருந்து. மாதக்கணக்கில் தானாகப் போட்டால் பலருக்குக் கண்ணின் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும். மேலே சிவப்பு இறங்கும், உள்ளே நரம்பு சாகும். கண்ணில் காட்ராக்டும் வரும். சிறு வயதுக்காரர்கள் பார்வை இழக்க இது ஒரு காரணம், அதுவும் முழுக்கத் தடுக்கக்கூடிய காரணம். பாட்டிலோடு கண் டாக்டரிடம் போய் "மூன்று வருஷம்" என்று மறைக்காமல் சொல்லுங்கள். சீட்டு இல்லாமல் இதை விற்பவர்களை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

கேள்வி: ஆர்க் அடித்து ராத்திரி முழுக்கக் கண்ணில் மணல் போட்ட மாதிரி எரிச்சல். கண் நரம்பு போய்விடுமா?
*வெல்டர், தேர்வாய் கண்டிகை*

பதில்: போகாது. ஆர்க்கின் புற ஊதாக் கதிர் சுட்டுவிட்டது கருவிழியின் மேல்தோலை. எரிச்சல் சில மணி நேரம் கழித்துத்தான் கிளம்பும். அதனால்தான் ஷிஃப்டில் தெரியாதது படுக்கையில் தெரிகிறது. ஓரிரு நாளில் ஆறிவிடும். தாய்ப்பால் விடாதீர்கள், மரத்துப்போகும் சொட்டை வாங்கி வைத்துக்கொண்டு அடிக்காதீர்கள். ஆனால் வெறுங்கண்ணால் ஆர்க்கையே பார்த்துக்கொண்டிருந்தால் விழித்திரையின் நடுப்பகுதி நிரந்தரமாகக் கெடலாம். டாக் அடிக்கும் அந்த ஒரு நொடிக்கும் ஷீல்டு வேண்டும்.

கேள்வி: எங்கள் யூனிட்டில் மெத்தனால் பேரல் இருக்கிறது. "இதுவும் ஒரு வகைச் சரக்குதான், கொஞ்சம் ஊற்றினால் ஒன்றும் ஆகாது" என்கிறார் கூட வேலை செய்பவர்.
*கெமிக்கல் பிளான்ட் ஊழியர், பெயர், ஊர் வேண்டாம்*

பதில்: அவரிடம் இந்தப் பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். 10 மில்லி உள்ளே போனாலே கண் போகலாம்.

மணமும் நிறமும் ஏமாற்றும். குடிக்கும் சாராயம் எத்தனால், இது மெத்தனால். கல்லீரல் இதை உடைத்து முதலில் ஃபார்மால்டிஹைடு ஆக்கும், பிறகு ஃபார்மிக் அமிலம் ஆக்கும். சில எறும்புகள் பீய்ச்சும் அதே அமிலம். செல்களுக்குள் சக்தி உண்டாகும் இடத்தை அது முடக்கிவிடுகிறது. உடம்பில் ஓய்வே இல்லாமல் சக்தி கேட்கும் திசுக்களில் ஒன்று கண் நரம்பு. அதனால் முதல் அடி அங்கே விழுகிறது. பார்வை மங்கி, எங்கும் வெள்ளைப் பனி படர்ந்ததுபோல் தெரியும். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல் கூடவே வரும். குடித்தவுடன் இதெல்லாம் வராது. 12 மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூடக் கழியும். கூடவே வேறு மது குடித்திருந்தால் இன்னும் தள்ளிப் போகும். "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று அவர் அடுத்த டம்ளரை எடுக்கும் நேரம் அதுதான்.

2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் கள்ளச்சாராயம் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குடித்தது ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று அன்றைய டிஜிபியே அறிவித்தார். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பார்வை பறிபோனவர்கள் இருக்கிறார்கள். அந்த ஊர்களில் மெத்தனால் உற்பத்தி ஆகவில்லை, ஆலைக்கு என்று இருந்த சரக்கு கசிந்து போனது. பேரலின் கணக்கு லிட்டர் தவறாமல் எழுதப்பட வேண்டும், பூட்டும் சாவியும் பெயர் சொல்லி ஒருவரிடம் இருக்க வேண்டும் என்று நான் கத்துவது இதனால்தான். உங்கள் பிளான்ட் போன்ற ஒவ்வொரு பிளான்ட்டின் வாசலும் இந்த மரணங்களைத் தடுக்கக்கூடிய இடம்.

டியூபை வாயில் வைத்து உறிஞ்சி மாற்றும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். தோல் வழியாகவும் ஆவி வழியாகவும்கூட உடம்பில் ஏறும். யாராவது குடித்தது தெரிந்தால், அறிகுறிக்குக் காத்திருக்காமல் 108. ஃபார்மிக் அமிலம் உருவாகாமல் தடுக்க ஃபோமெபிசோல் என்ற மருந்து இருக்கிறது, இரத்தத்தைச் சுத்திகரிக்க டயாலிசிஸ் இருக்கிறது. இரண்டும் நேரத்தோடு போனால்தான் கண்ணுக்கும் உயிருக்கும் பயன்.

கேள்வி: டிபி மாத்திரை சாப்பிட்டு நான்காவது மாதம். சிவப்பு நிறம் கொஞ்சம் வெளிறித் தெரிகிறது. பிரமையா?
*தையல் தொழிலாளி, செங்குன்றம்*

பதில்: பிரமை என்று ஒதுக்காதீர்கள், தம்பி. இன்றே மருந்து தரும் மையத்துக்குப் போங்கள். உங்கள் மாத்திரையில் எத்தாம்பியூட்டால் இருக்கிறது. ஒரு சிலருக்கு அது கண் நரம்பைத் தாக்கும். சிவப்பும் பச்சையும் மங்குவது அதன் முதல் அறிகுறிகளில் ஒன்று. அந்த ஒரு மருந்தை நேரத்தில் மாற்றினால் பலருக்குப் பார்வை சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறிவிடுகிறது. பயத்தில் எல்லா மாத்திரையையும் நீங்களே நிறுத்திவிடாதீர்கள், டிபி திரும்பி வரும். மற்றவர்களும் வாரம் ஒருமுறை ஒவ்வொரு கண்ணாக மூடி ஒரே சிவப்புப் பொருளைப் பாருங்கள். இரண்டு கண்ணுக்கும் ஒரே சிவப்பாகத் தெரிய வேண்டும்.

கேள்வி: தலைவலி என்று போனேன். டாக்டர் கண்ணுக்குள் லைட் அடித்துப் பார்த்தார். தலை எங்கே, கண் எங்கே?
*ஆசிரியை, மீஞ்சூர்*

பதில்: டாக்டர் நல்லவர், விட்டுவிடாதீர்கள். உடம்பைக் கீறாமல் மூளை நரம்பு ஒன்றை நேராகப் பார்க்க முடிகிற ஒரே இடம் கண்ணின் பின்சுவர். மண்டைக்குள் அழுத்தம் கூடினால் அங்கே நரம்பின் முகப்பு வீங்கித் தெரியும். 1851-ல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் பார்க்கும் கருவியைக் கொடுத்தார். இன்று சட்டைப் பையில் அடங்கும்.

கேள்வி: ஹெல்மெட் போட்டால் கண் மறைக்கிறதே?
*பைக் ஓட்டும் வாசகர், ஆரம்பாக்கம்*

பதில்: போடாவிட்டால் கண்ணே மறையலாம். ஜிஎன்டி ரோட்டில் விழுந்து புருவ ஓரத்தில் அடி பட்டால், அதிர்ச்சி எலும்பு வழியே நரம்பு நுழையும் குறுகிய துளை வரை போகும். கண் பார்க்க முழுசாக இருக்கும், பார்வை இருக்காது. பார்வையைத் திருப்பித் தரும் என்று நிரூபணமான மருந்து இல்லை.

கேள்வி: பொன்னாங்கண்ணிக் கீரை?
*எளாவூர் வாசகி*

பதில்: தாராளமாகச் சாப்பிடுங்கள். வைட்டமின் ஏ விழித்திரைக்கு வேண்டும். நரம்புக்கு பி12 வேண்டும், அது பால், முட்டை, மீனில் இருக்கிறது. பீடியும் மதுவும் சேர்ந்து நரம்பைக் கெடுக்கும் நோய் தனியாகவே உண்டு. கண்ணின் அழுத்தத்தை மட்டும் எந்தக் கீரையும் குறைத்ததில்லை. பொரியலும் செய்யுங்கள், சொட்டும் விடுங்கள்.

கேள்வி: காளஹஸ்தியில் கண்ணப்பர் கண்ணைப் பெயர்த்து அப்பினார். விஞ்ஞானம் இவ்வளவு வளர்ந்தும் முழுக் கண்ணை மாற்றி வைக்க முடியவில்லையா?
*திருத்தணி வாசகர்*

பதில்: வைத்துவிட்டார்கள். 2023 மே மாதம் நியூயார்க்கில், மின்விபத்தில் முகம் சிதைந்த ஒருவருக்கு முகத்தின் ஒரு பகுதியோடு முழுக் கண்ணையும் பொருத்தினார்கள். உலகில் முதல் முறை. கண்ணுக்கு இரத்தம் ஓடுகிறது, விழித்திரை உயிரோடு இருக்கிறது. பார்வை வரவில்லை. காரணம் அந்த 12 லட்சம் இழைகள். கண்தானத்தில் நமக்குப் பயன்படுவது கருவிழி, அரை மில்லிமீட்டர் கனமுள்ள முன்கண்ணாடி. நரம்பு கெட்டவருக்கு அது உதவாது. கருவிழி வெளுத்துப்போனவருக்கு அது முழுப் பார்வை. இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். எழும்பூரில் 1945-லேயே கண் வங்கி தொடங்கிய ஊர்க்காரர்கள் நாம், தயங்கக் கூடாது.

கேள்வி: பார்வை இழந்த சுந்தரருக்குக் காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் ஒரு கண்ணும் கிடைத்தன. எங்கள் திருவெண்பாக்கத்தில் மட்டும் ஒரு கோல்! பூண்டிக்காரனுக்கு வருத்தமாக இருக்கிறது.
*பூண்டி நீர்த்தேக்கப் பகுதி வாசகர்*

பதில்: வருத்தம் வேண்டாம். கண் கிடைக்கும்வரை அவரை வழிநடத்திப் போனது உங்கள் ஊர்க் கோல்தான். ஏரிக்காகக் கோயில் இடம் மாறியும் ஊன்றீஸ்வரர் என்ற பெயர் நிலைத்திருக்கிறது. நரம்பு போனவர்களுக்கும் இன்று வேண்டியது அப்படி ஒரு கோல்தான். உங்கள் மாவட்டத்துப் பூவிருந்தவல்லியிலேயே பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும், அரசுப் பள்ளியும் இருக்கின்றன. வெள்ளைக் கோல் பயிற்சி, பேசும் செல்போன், படிப்பு, வேலை எல்லாவற்றுக்கும் வழி உண்டு. இழப்பு நூற்றுக்கு 40 இருந்தால் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். வீட்டு மூலையில் உட்கார வைப்பது வைத்தியம் ஆகாது.

கேள்வி: கடைசியாக, டாக்டரிடம் போனால் என்ன கேட்க வேண்டும்? எனக்குப் பேச வராது.
*சுமைதூக்கும் தொழிலாளி, மணவாளநகர்*

பதில்: மூன்றே வாக்கியம் போதும். "கண் பிரஷர் பாருங்கள். சொட்டு விட்டு நரம்பைப் பாருங்கள். வீட்டில் யாருக்கு இருந்தது என்று நானே சொல்கிறேன்." பாவை விரிந்த அன்று சில மணி நேரம் கண் கூசும், அதனால் பைக்கை வீட்டில் விட்டுவிட்டு ரயிலில் போங்கள். 40 வயதைத் தாண்டிய அண்ணன், அக்கா யாராவது இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.